மொர்தெகாய்க்கு ஒரு ஆரோன்

"வியாழக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுரணும், மைனி. அதுக்குப் பொறவு நானே நினைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள் இசக்கியம்மாள்.

சிப்போராள் காப்பியை ஆற்றிக்கொண்டே வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அவள் கணவர் மொர்தெகாய். வலது கை மடியில் கிடந்தது. இடது கையால் ஒவ்வொன்றாக வேர்க்கடலை உரித்து, தின்னாமல் தட்டில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

குலசையில் ராக்கெட் தளம் வந்தபோது கொச்சியிலிருந்தும் மும்பையிலிருந்தும் வேலைக்கு வந்த யூதக் குடும்பங்கள் முப்பத்தெட்டு. மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஜெபம் எபிரேயத்தில், சண்டை சுத்தமான திருச்செந்தூர்ப் பக்கத்துத் தமிழில் என்று ஊரோடு ஒட்டிப்போனார்கள். மொர்தெகாய்க்குத் தளத்தில் வேலை, எரிபொருள் வால்வுகளில் கசிவு பார்ப்பது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்ன வால்வைத்தான் அவர் முதலில் கழற்றுவார்.

வேதத்திடமும் அதே புத்திதான். மோசேயின் ஐந்து நூல்களான தோராவை ஐம்பத்துச் சொச்சம் பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒன்றாக வருஷம் முழுக்க வாசிப்பது யூதர் வழக்கம். சனிக்கிழமை வாசிப்பு முடிந்ததும் யாராவது எழுந்து அந்த வாரப் பகுதியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுவார்கள். குலசை ஜெபக்கூடத்தில் இருபது வருஷமாக அந்த யாராவது மொர்தெகாய்தான். சோதோம் எரிந்தபோது திரும்பிப் பார்த்ததால் உப்புத்தூணாகிப் போன லோத்தின் மனைவியை எல்லாரும் கீழ்ப்படியாதவள் என்று திட்டிக்கொண்டிருந்த வாரம், இவர் எழுந்து, "அந்த ஊருக்காக அழுத ஒரே ஆள் அவதான். அழுது காஞ்சா உப்புதானே மிஞ்சும்? இங்க உப்பளத்துல இருந்துக்கிட்டு இது தெரியாதா ஒங்களுக்கு?" என்றார். கூடத்தில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எசேக்கியேல் எழுந்து அரைமணி நேரம் மறுத்தார். இருபது வருஷமாக வாராவாரம் மறுத்தது அவர்தான், வாராவாரம் மொர்தெகாயை வீடு வரை கூட்டிவந்து விட்டதும் அவர்தான்.

போன ஐப்பசியில் ஒரு காலை, பல் விளக்கப் போன மனுஷர் கிணற்றடியில் சரிந்தார். உயிர் தப்பியது. கால் மெல்ல வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. சொல்வதெல்லாம் புரிந்தது, யோசனையும் தெளிவாக இருந்தது, வார்த்தைதான் தொண்டைக்கு வரும் வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால் ஜெபங்களை மட்டும் ராகத்தோடு கடகடவென்று சொன்னார். தண்ணீர் வேண்டும் என்று கேட்க முடியாத வாய், வேதத்துச் சங்கீதப் பாட்டு முழுதையும் சொன்னது. "சின்ன வயசுல பதிஞ்ச பாட்டும் ஜெபமும் மூளையில வேற அறையில இருக்கு, அது தப்பிச்சிருச்சு," என்று விளக்கினாள் பேச்சுக் கருவிப் பொறியாளர் இசக்கி.

தை மாதம் அவள்தான் அந்தக் கருவியைப் பொருத்தினாள். மண்டைக்குள் ஒரு சில்லு, காதுக்குப் பின்னால் ஒரு பட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, போடவும் அணைக்கவும் சிப்போராள் கையில் ஒரு தனிப் பொத்தான். மொர்தெகாய் பேச நினைத்தால் மூளையிலிருந்து பத்து வார்த்தை துண்டு துண்டாக வரும், கருவி அதை நாற்பது வார்த்தையாக நிரப்பி அவருடைய குரலிலேயே பேசும். நாக்குக் கனத்த மோசேக்கு அண்ணன் ஆரோன் வாயாக இருந்தான் அல்லவா, அதனால் கூடத்தார் கருவிக்கு ஆரோன் என்றே பெயர் வைத்தார்கள்.

நிரப்புவதென்றால் எதை வைத்து நிரப்புவது? அவர் பழைய பேச்சை வைத்துத்தான். ஆரம்பத்தில் இசக்கி ஆடிப்போனது இந்த இடத்தில்தான்.

"இருபது வருஷம் பேசியிருக்காவ, ஒரு ரெக்கார்டிங் கூடவா இல்ல?"

"அவிய பேசுனதெல்லாம் சனிக்கிழமை. சபாத் நாள்ல நாங்க மின்சாதனம் எதையும் தொடமாட்டோம். பேனா பிடிச்சு எழுதக்கூட மாட்டோம். காதால கேக்குறதுதான்."

"அப்பம் எங்க போய்ச் சேரும் அந்தப் பேச்செல்லாம்?"

"கேட்டவங்க மனசுக்கு."

சரி, மனசிலிருந்தே எடுப்போம் என்று இசக்கி முடிவு கட்டினாள். கூடத்தார் ஒவ்வொருவராக வந்து, மொர்தெகாய் இந்த வாரத்தில் இப்படிச் சொன்னார், அந்த வாரத்தில் அப்படிச் சொன்னார் என்று நினைவிலிருந்து சொன்னார்கள். இருநூற்றுப் பதினோரு பேச்சு தேறியது. ஆசையோடுதான் கொடுத்தார்கள். ஆனால் மனுஷன் நினைவு இருக்கிறதே, அது சும்மா இருக்குமா? குத்தியதை மழுக்கி, புரியாததை விட்டு, பிடித்ததைக் கூட்டித்தான் வைத்திருக்கும். எசேக்கியேல் சொன்னதில் பாதி அவருடைய மறுப்பு.

சிப்போராள் ஏழு பேச்சு கொடுத்தாள். நாலு அவர் பேசியது. மூன்று அவர் பேசவே இல்லை.

அந்த மூன்றும் அவளுடையவை. இட்லித் தட்டுக்குத் துணி போடும்போதும் துணி மடிக்கும்போதும் தோன்றியவை. இதையெல்லாம் அவர் கூடத்தில் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தாள். இசக்கி மைக்கை நீட்டியதும், "அவிய ஒரு தடவ இப்படிச் சொன்னாவ" என்று வாய் தானாகவே தொடங்கிவிட்டது.

ஆரோன் வந்த முதல் வாரம் செங்கடல் பிளந்த பகுதி, வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்ற ஆகாரம் விழுந்த பகுதி. சபாத்தில் கருவி ஓடாது. நல்லவேளை, திங்களும் வியாழனும் காலையில் வாரப் பகுதியின் தொடக்கத்தை மட்டும் வாசிப்பார்கள். அதனால் வியாழன் காலை எழுந்து பேசினார் மொர்தெகாய். "நாப்பது வருஷம் வானத்துலேர்ந்து சாப்பாடு வந்துது. அடுப்படிக்கு நாப்பது வருஷ லீவு. அதப் பத்தி ஒரு பொம்பளை முணுமுணுத்தான்னு எழுதியிருக்கா? மீன் வேணும், வெள்ளரிக்காய் வேணும்னு அழுதவன் பூராவும் ஆம்பளைதான்." கூடம் குலுங்கிச் சிரித்தது. பெண்கள் பக்கத்தை மறைக்கும் மரத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சிப்போராளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவளுடைய நினைப்பு, அவருடைய குரலில்! சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு எசேக்கியேல் மறுக்கவில்லை. மன்னாவையும் அவித்தார்கள் என்று அதே பகுதியில் எழுதியிருக்கிறதே என்று அவர் எழுந்திருக்க வேண்டும். நோயாளியிடம் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டார் போல.

அப்படியே ஐந்து வாரம் ஓடியது. வீட்டிலும் மொர்தெகாய் இதமாகப் பேசினார், எதற்கும் சரி என்றார். பேசுவது இவர்தானா என்று சிப்போராளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கேட்டிருந்தால் தலையை ஆட்டியாவது பதில் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடும் என்ற பயம்தான். சனிக்கிழமைகளில் கருவியை அணைத்துவிட்டால் மனுஷர் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒற்றை வார்த்தையோடு மல்லுக்கட்டுவார். வியர்த்துக் கொட்டும். அவள் உள்ளே போய் அழுதுவிட்டு வருவாள். எப்போது நாள் சாயும், எப்போது பொத்தானை அழுத்துவோம் என்று இருக்கும்.

"இன்னொரு வாட்டி சொல்லு, இசக்கி. கையெழுத்துப் போட்டா என்ன ஆகும்?"

"ஆறு வாரத்துல மூளை கருவிக்குப் பழகிரும். அதுதான் எல்லாத்தையும் பேசுதே, நாம எதுக்குக் கஷ்டப்படணும்னு சொந்த வார்த்தையைத் தேடுறத விட்டுரும். போட்ட எல்லாருக்கும் அப்படித்தான். அதனாலதான் ஆறாவது வாரம் குடும்பத்துக்கிட்ட எழுதி வாங்குதோம். வச்சுக்கிட்டா, அண்ணாச்சி கடைசி வரைக்கும் சரளமாப் பேசுவாவ. எடுத்துட்டா, சொந்தமா என்ன வருதோ அதுதான். பத்து வார்த்தையோ நூறு வார்த்தையோ, நான் சத்தியம் பண்ண முடியாது."

"வச்சுக்கிட்டா அது அவிய பேச்சுதானே?"

இசக்கி காப்பியை முழுசாகக் குடித்து முடித்தாள். "நாலுல ஒரு பங்கு, மைனி."

சிப்போராள் பேனாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். நாலில் ஒரு பங்கு இருக்கிறதே, அது போதாதா? பேசாத புருஷனோடு மூன்று மாதம் இருந்து பார்த்தவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். வியாழன் காலை கூடத்திலிருந்து வந்ததும் போட்டுவிடுவது என்று தீர்மானித்தாள்.

அந்த வியாழன் விசேஷமான நாள். பெரிய ஆபத்திலிருந்து பிழைத்தவர், பத்துப் பேர் முன்னால் தோராச் சுருள் அருகே நின்று நன்றி சொல்ல வேண்டும். டாக்டர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டதால் மொர்தெகாய் அன்று சொல்வதாக ஏற்பாடு. கூடம் நிறைந்துவிட்டது. இசக்கியும் வந்து பெண்கள் பக்கம் சிப்போராளின் அருகில் உட்கார்ந்தாள்.

நன்றி ஜெபத்தை மொர்தெகாய் கருவியின் துணையில்லாமல் சொந்த வாயால் சொன்னார். தகுதியில்லாதவர்களுக்கும் நன்மை செய்கிறவரே, எனக்கு எல்லா நன்மையும் செய்தவரே என்று வரும் அது. "உமக்கு நன்மை செய்தவர் இன்னும் எல்லா நன்மையும் செய்வாராக" என்று கூடம் பதில் சொன்னது. சிப்போராள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஆரோன் பேசியது. அந்த வாரம் பொற்கன்றுக்குட்டியின் பகுதி. மோசே மலையேறிப் போய் நாற்பது நாளாகியும் இறங்கவில்லை. பயந்துபோன ஜனங்கள் கும்பிட ஒரு தெய்வத்தைச் செய்து கொடு என்று ஆரோனை நெருக்க, அவன் அவர்களுடைய பொன் கம்மல்களை வாங்கி உருக்கிக் கன்றுக்குட்டி செய்து கொடுத்தான்.

"ஆரோன் மேல தப்பே இல்ல," என்று கணீரென்று ஆரம்பித்தது மொர்தெகாயின் குரல். "தம்பி வர்ற வரைக்கும் நேரம் கடத்தத்தான் கம்மலைக் கேட்டாரு. சமாதானப் பிரியர் அவரு. நாமளும் அவரை மாதிரி ஒருத்தருக்கொருத்தர் அனுசரிச்சு, மனசு நோகாமப் பேசி..."

தலைகள் ஆடின. ஆரோன் நேரம் கடத்தினான் என்பது எசேக்கியேல் வருஷாவருஷம் சொல்வது. அதைக் கேட்டால் மொர்தெகாய் மூக்கைச் சிந்துவது போலச் சத்தம் போடுவார். அனுசரிச்சுப் போகணும் என்பது அவளே வெள்ளிக்கிழமைதோறும் அவரிடம் கெஞ்சியது. தட்டியின் இடுக்கு வழியாகக் கணவரைப் பார்த்தாள். குரல் தேனாக ஓடிக்கொண்டிருந்தது. முகம் அதோடு சேரவில்லை. கண்ணில் நீர் வழிந்தது. இடது கை காதுக்குப் பின்னால் இருந்த பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

ஐந்து வாரமாக அவர் அந்தப் பட்டையை இழுக்கத்தான் செய்தார். அரிக்கிறது போல என்று அவள் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். எத்தனை தடவை! ஐயோ, எத்தனை தடவை தடவிவிட்டாள்!

சிப்போராள் எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து ஜெப நேரத்தில் யாரும் தட்டியைச் சுற்றி முன்னால் போனதில்லை. அவள் போனாள். மடியில் செருகியிருந்த பொத்தானை எடுத்து, எல்லாரும் பார்க்க அழுத்தினாள். குரல் பாதி வார்த்தையில் நின்றது.

"சொல்லுங்க. நீங்க சொல்லுங்க," என்றாள்.

மொர்தெகாய் அவளைப் பார்த்தார். உதடு கோணியது. ஒரு நிமிஷம் போனது, இரண்டு நிமிஷம் போனது. எசேக்கியேல் கைத்தாங்கலாகப் பிடிக்க எழுந்தார், சிப்போராள் கையைக் காட்டி உட்கார வைத்தாள்.

"கம்மல்," என்றார் மொர்தெகாய். குழறலாக, கரகரப்பாக. "காதுல... கெடந்தது." கூடத்தாரை ஒரு சுற்றுக் காட்டினார். "நீங்க... குடுத்திய." சட்டைப் பையில் இருந்த ஒலிபெருக்கியைத் தட்டினார். "ஆரோன்." பிறகு தன் மார்பில் குத்திக்கொண்டார். "கன்னுக்குட்டி."

கூடத்துக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. நம் காதில் கிடந்த இவர் பேச்சையெல்லாம் கழற்றிக் கொடுத்தோம், அதை உருக்கிக் கருவி ஒரு மொர்தெகாயை வார்த்துத் தந்தது, அதைப் போய் ஆறு வாரமாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். எசேக்கியேலின் முகம்தான் முதலில் தொங்கியது.

"ஆசையாத்தானே வே குடுத்தோம்," என்றார் சின்னக் குரலில்.

"தெரியும்." மொர்தெகாய்க்கு மூச்சு வாங்கியது. "தங்கம்... தங்கந்தான். அடுத்த வாரம்... அதே தங்கம்... கூடாரம்."

அடுத்த வாரப் பகுதியில் அதே ஜனங்கள் நகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து கொட்டுவார்கள். கடவுளுக்குக் கூடாரம் எழும்பும். திட்டுகிறார் என்று நினைத்தால் மனுஷர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். முன் வரிசையில் ஒருத்தர் விம்மினார்.

எசேக்கியேலுக்கு மட்டும் அடக்க முடியவில்லை. பழைய கணக்கு வாத்தியார் ஆயிற்றே. "அதே தங்கம் எப்படி வே ஆகும்? கன்னுக்குட்டியத்தான் மோசே பொடியா அரைச்சு, தண்ணியில கலக்கி, எல்லாரையும் குடிக்க வச்சுட்டாரே! கூடாரத்துக்கு வந்தது வேற தங்கம்!"

மொர்தெகாய் இடது கையால் மேஜையில் ஓங்கி ஒரு அடி அடித்தார்.

"வயித்துல... இருக்குல்லா!"

கூடம் வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் ஆளுக்கொரு பக்கம் எழுந்துவிட்டார்கள். குடித்த தங்கம் மனசுக்குள் போய்த்தான் கொடுக்கிற குணமாக வந்தது என்கிறார் இவர் என்றார் ஒருவர். வசனத்தில் அப்படி இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். எசேக்கியேல் விரலை ஆட்டி ஆட்டி மறுத்தார். மொர்தெகாய் "இல்ல... இல்ல..." என்று மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார். நடுவில் நின்ற சிப்போராளுக்குக் கடவுளே, கடவுளே என்று நெஞ்சு நிறைந்தது. ஆறு வாரமாக ஒருத்தரும் இவரோடு சண்டை போடவில்லை. இன்றைக்குப் போடுகிறார்கள். இதைக் கொடுத்ததற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றாள்.

கடைசியில் எசேக்கியேலே கையைத் தூக்கி எல்லாரையும் அமர்த்தினார். "இப்பத்தான் ஆளு பிழைச்சு வந்திருக்கான். முதல்ல சொன்னது கணக்குல வராது. இன்னொரு தடவ சொல்லுவோம்."

முப்பத்தெட்டுக் குடும்பமும் எழுந்து நின்று, உமக்கு நன்மை செய்தவர் இன்னும் எல்லா நன்மையும் செய்வாராக என்று மறுபடியும் சொன்னது.

மத்தியானம் இசக்கி தன் கணினியோடு வந்தாள். கருவி சேர்த்து வைத்திருந்த பதிவுகளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தலையைச் சொறிந்தாள்.

"மைனி, இது எப்படி நடந்துச்சுன்னு எனக்கு விளங்கல. ஆறு வாரத்துல எல்லாருக்கும் சொந்த வார்த்தை தேயும். அண்ணாச்சிக்குக் கூடியிருக்கு. வாரத்துக்கு ஒரு நாள் சட்டுனு ஏறுது பாருங்க. ஞாயித்துக்கிழமை காலைல முந்தின வாரத்தைவிட அதிகமா இருக்கு."

சிப்போராள் திரையைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். "சனிக்கிழமை அணைச்சுருவோம்லா," என்றாள் மெல்ல.

"நாள் முழுக்கவா?"

"வெள்ளி சாயங்காலத்துலேர்ந்து மறுநாள் இருட்டுற வரைக்கும். கருவி இல்லாம மல்லுக்கட்டுவாவ. பாக்கச் சகிக்காது. நான் உள்ள போய் அழுவேன்."

இசக்கி கணினியை மூடினாள். "நீங்க அழுத அந்த நாள்தான் இவியள காப்பாத்தியிருக்கு," என்றாள். "அப்பம் இந்தப் படிவத்துல இருக்கிற ரெண்டும் அண்ணாச்சிக்குப் பொருந்தாது. மூணாவதா ஒண்ணு நான்தான் எழுதணும். கடைக்குப் போகணும், பேரப்பிள்ளைகிட்ட போன்ல பேசணும்னா போட்டுக்கிடட்டும். மத்த நேரம் அணைச்சே வைங்க. பொத்தான் இனிமே அண்ணாச்சி கையில இருக்கட்டும்."

மொர்தெகாய் பொத்தானை வாங்கி, வால்வைப் பார்ப்பது போல நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் விளக்கேற்ற அரைமணி இருந்தது. சிப்போராள் அவர் முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஏழில் மூன்று அவர் பேச்சே இல்லை, தன் ஆசைக்கு அவர் வாயில் போட்டது, மன்னிக்க வேண்டும் என்றாள்.

"தெரியும்," என்றார் மொர்தெகாய்.

"தெரியுமா? எப்பத்துலேர்ந்து?"

"மொத நாளே." வார்த்தையைத் தேடிப் பிடித்தார். "அது... நல்லாருந்துது."

கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவர் நல்லாருக்கு என்று எதையும் சொன்னதாக ஞாபகமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளுக்கே உரிய புத்தி வந்துவிட்டது.

"ஆனா நேத்து நீங்க சொன்னதுல ஒரு கசிவு இருக்கு, கேட்டுக்கிடுங்க. ஒங்க பொண்டாட்டி காதுல, பிள்ளைக காதுல கெடக்குற கம்மலைக் கழத்துங்கன்னுதான் ஆரோன் சொன்னாரு. அடுத்த வசனத்துல பாத்தா, ஆம்பளைக அவனவன் காதுல கெடந்ததக் கழத்திக் குடுத்தான்னு இருக்கு. வீட்டுக்குப் போய் பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டானான்னு எங்கயாவது எழுதியிருக்கா? கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பா? அத யாரும் நினைச்சே பாக்கல. நீங்களும்தான்."

மொர்தெகாய் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தாள்.

"நாளைக்கு," என்றார் கடைசியில்.

"நாளைக்கு என்ன?"

அவர் கூடம் இருந்த திசையைக் காட்டினார். பிறகு அவளைக் காட்டினார். "நான்... உக்காந்துக்கிடுதேன். நீ... சொல்லு."

"நானா? எசேக்கியேல் அண்ணாச்சி சும்மா விடுவாவளா?"

மொர்தெகாயின் கோணல் வாயில் சிரிப்பு பரவியது.

"நீயும்... விடாத," என்றார்.